குடத்துக்கு ஒரு திட்டு

கூம்தெங்கா
11 பிப்ரவரி 1998

நாய்த்தலை தின்னும் அன்செல்ம் தோயேவுக்கு,

உன் எஜமானன் பூரேமா போர்கோ எழுதுவது. இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவர் ஒரு பாட்டில் தருவார். பார்த்தவுடன் மூடியைத் திறந்து வாயில் கவிழ்த்துக்கொள்ளாதே. பாட்டில்தான் பீருடையது, உள்ளே இருப்பது எங்கள் ஊர் அடிபம்புத் தண்ணீர். உங்கள் சாமோ இனத்துக்கு இந்த வித்தியாசத்தை எழுதித்தான் தெரியப்படுத்த வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். ஏப்ரல் 18ஆம் தேதி மாகாண ஆணையர் எங்கள் ஊருக்கு வருகிறார். வட்டாரத்திலேயே சிறந்த தண்ணீர்க் குழு எங்களுடையது என்று பம்பு மேடையில் ஒரு பித்தளைப் பலகை பதிக்கப்போகிறார். குழுத் தலைவன் என்ற முறையில் அதில் என் பெயரும் இருக்கும். அதற்கு முன், தண்ணீர் நல்லதுதான் என்று உன் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு தாள் வேண்டுமாம். நல்லது என்பது ஊருக்கே தெரியும். பம்பு வந்த இந்த ஆறு வருடங்களில் ஒருவர் காலிலும் நரம்புச் சிலந்தி வரவில்லை. குளத்துத் தண்ணீர் குடித்த காலத்தில் என் தம்பியின் காலிலிருந்து அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தோம். நீ உன் ஊர் கவாராவிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நூல் விற்பனைக்கா என்று விசாரித்தாய்.

தாளைச் சீக்கிரம் அனுப்பு. என் மனைவி போக்பி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ஏன் கேட்டாள் என்று எனக்கும் தெரியவில்லை.

உன் எஜமானன்,
பூரேமா


உவாஹிகுயா
24 பிப்ரவரி 1998

கழுதையிடம் பாடம் படித்துத் தேறாமல் போன என் அடிமை பூரேமாவுக்கு,

பாட்டில் வந்தது. பாதிதான் இருந்தது. மீதியை டிரைவர் பஸ்ஸின் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டாராம். ரேடியேட்டருக்காக வருந்துகிறேன்.

சோதித்தேன். வெள்ளையாகவே இருக்க வேண்டிய காகிதத் துண்டு பழுப்பானது. துண்டில் கோளாறு என்று வேறொன்று எடுத்தேன். அதுவும் பழுத்தது. உங்கள் தண்ணீரில் ஆர்செனிக் இருக்கிறது; எலிக்கு வைக்கிற பாஷாணம் என்றால் உங்களுக்குப் புரியும். தங்கம் இருக்கும் பாறையில் பெரும்பாலும் இதுவும் இருக்கும். தங்கத்தை எங்கிருந்தோ வந்து எடுத்துப்போய்விடுவார்கள். இதை ஊர்க்காரர்களுக்கு விட்டுவைப்பார்கள். இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. புழுவைப் போலத் தலையை நீட்டி வெளியே வராது. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே குடியிருக்கும்.

ஆகவே, அடிமைகளே, பம்பை நிறுத்துங்கள். கவாராவின் பம்பைப் போன வருடம் நானே சோதித்தேன். சுத்தமான தண்ணீர். அங்கே போய்க் கேளுங்கள். எஜமானர் வீட்டில் அடிமைகளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

அன்செல்ம்


கூம்தெங்கா
8 மார்ச் 1998

நாய்த்தலையனுக்கு,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் ஊர்த் தலைவர் நாபாவின் முன்னிலையில் ஊர்க்கூட்டத்தில் வாசித்தேன். இவ்வளவு நல்ல வரவேற்பு எந்தக் கடிதத்துக்கும் கிடைத்ததில்லை. "நிறுத்துப்பா, அந்த ரேடியேட்டர் எடத்தை இன்னொரு தரம் படி," என்று நாபா கேட்டார். படித்தேன். சிரித்துச் சிரித்து அவருக்குத் தலைப்பாகை அவிழ்ந்துவிட்டது.

கொல்லன் ராவ்கோ மட்டும் கொஞ்சம் யோசித்தான். "கவாராவுக்குப் போய்க் கேக்கணுமாம்ல, பாத்தீங்களா? இதுக்குத்தான் இம்புட்டு நீட்டிருக்கான். நம்ம பொம்பளைங்க அவங்க பம்புல போய் நின்னா, அந்தச் சாமோக்காரிங்க பேசுற பேச்சுக்கு நாம அடுத்த மழை வரைக்கும் தலையை வெளிய காட்ட முடியாது."

இப்படி ஒரு திட்டம் போட்டதற்காக உன்னை எல்லோரும் மெச்சினார்கள். எங்கள் மோஸி இனமும் சாமோக்களும் திட்டிக்கொள்வது முறைதான், ஆனாலும் ஒரு மோஸியைத் திட்ட இவ்வளவு மெனக்கெட்ட சாமோ இந்தத் தலைமுறையில் இல்லை என்று நாபாவே சொன்னார். உன் பாட்டன் சாவில் என் பாட்டன் பாடையின் மேல் ஏறி உட்கார்ந்து புகையிலை கேட்டாரே, அதற்குப் பிறகு இதுதானாம்.

சரி, விளையாட்டு போதும். தாளை அனுப்பு.

போக்பிக்கு உள்ளங்கை சொரசொரத்துப் போய்விட்டது. கினிக்கோழியின் கால் மாதிரி இருக்கிறது. உலக்கை பிடித்துப் பிடித்து வந்தது என்கிறாள். ஷியா வெண்ணெய் தடவுகிறாள். நீ எழுதியதைக் கேட்டதிலிருந்து தண்ணீரை வெகுநேரம் கொதிக்கவைத்துச் சுண்டிய பிறகே குடிக்கிறாள். ஊரிலேயே உன்னை நம்புகிற ஒரே ஆள் அவள்தான்.

பூரேமா


உவாஹிகுயா
14 மார்ச் 1998

மதிப்பிற்குரிய தண்ணீர்க் குழுத் தலைவர் திரு. பூரேமா போர்கோ அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் வேடிக்கை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டாம் என்று தங்கள் மனைவியிடம் உடனே சொல்லுங்கள். கொதித்தால் கிருமி சாகும், பாஷாணம் சாகாது. தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், பாஷாணம் பானையிலேயே தங்கும். சுண்டச் சுண்ட அவர் அதைத்தான் அதிகமாகக் குடிக்கிறார். உள்ளங்கை தடிப்பது உலக்கையால் அல்ல. இந்த நஞ்சின் அடையாளங்களில் அது ஒன்று. வேறு யாருக்காவது அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். பம்புத் தண்ணீரில் துணி துவைக்கலாம். குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

முத்திரையிட்ட தாளாக இதை அனுப்ப முயன்றேன். என் மேலதிகாரி அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோயே, இது சாம்பிளா, பார்ட்டியா?" என்று கேட்டார். பீர் பாட்டிலில் வந்தது சட்டப்படி தண்ணீர் ஆகாதாம். அதற்கென்று உள்ள பாட்டில்கள் தலைநகரிலிருந்து வர வேண்டும். வரும்வரை உங்கள் ஊர்த் தண்ணீரில் எதுவும் இல்லை என்று கொள்ள வேண்டும் என்றார். எதுவும் இல்லை என்றாவது எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அதற்கும் அந்தப் பாட்டில் வேண்டுமாம்.

தங்கள் உண்மையுள்ள,
அன்செல்ம் தோயே


கூம்தெங்கா
27 மார்ச் 1998

திரு. அன்செல்ம் தோயே அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கூட்டத்தில் வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

நாபா, "நாம என்னய்யா தப்பு செஞ்சோம் அவனுக்கு?" என்று கேட்டார். "எங்கப்பா செத்தன்னிக்குக்கூட சாமோக்காரன் வந்து திட்டிட்டுத்தான் போனான். இவன் 'மதிப்பிற்குரிய'ங்கிறான். 'தாங்கள்'ங்கிறான். நமக்கும் அவங்களுக்கும் நடுவுல இருந்தது அத்துப்போச்சா?"

ஊரில் இப்போது இரண்டு கட்சி. மோஸியும் சாமோவும் ஒருவர்மேல் ஒருவர் கோபப்படக் கூடாது என்ற முப்பாட்டன்கள் காலத்து ஏற்பாட்டைத் தாங்கள் முறித்துவிட்டதாக ஒரு கட்சி சொல்கிறது. மரியாதை என்பது தாங்கள் கண்டுபிடித்த புதிய திட்டு என்று ராவ்கோவின் கட்சி சொல்கிறது. இரவு உணவு வரை விவாதித்தார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை.

விழா ஏற்பாடுகள் நடக்கின்றன. தங்கள் தாளுக்காகக் காத்திராமல் ஆணையர் அலுவலகமே ஒரு தாள் தயாரித்துக்கொண்டது. எனவே தாங்கள் இனி எழுதும் சிரமம் வேண்டாம்.

போக்பி கொதிக்கவைப்பதை நிறுத்திவிட்டாள். பச்சையாகவே குடிக்கிறாள். விறகு மிச்சம்.

பூரேமா போர்கோ
தலைவர், தண்ணீர்க் குழு

பி.கு. மேலே உள்ளதை ராவ்கோ பக்கத்தில் இருக்கும்போது எழுதினேன். இப்போது அவன் போய்விட்டான். போக்பியின் நெஞ்சிலும் முதுகிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. புழுதியில் தூறல் விழுந்த மாதிரி. நர்ஸ் களிம்பு கொடுத்தார். என் தம்பி சட்டையைக் கழற்றவே மறுக்கிறான். அது எதுவும் இல்லை என்று எழுது. திட்டி எழுது.


உவாஹிகுயா
9 ஏப்ரல் 1998

என் அடிமைக்கு,

எதுவும் இல்லை என்று எழுத முடியாது. அந்தப் புள்ளிகள் அதுதான்.

திட்டி எழுதினால் சிரிக்கிறீர்கள். மரியாதையாக எழுதினால் சண்டை என்கிறீர்கள். நம் முப்பாட்டன்கள் பெரிய மனிதர்கள். கோபப்படக் கூடாது என்றார்கள், கேட்டதை மறுக்கக் கூடாது என்றார்கள். ஒரு சாமோவுக்கு ஒரு மோஸியிடம் நிஜத்தைச் சொல்ல வேண்டியிருந்தால் எந்தக் குரலில் சொல்வது என்பதை மட்டும் ஏற்பாடு செய்ய மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அவசியம் ஏற்படவில்லை போலும்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதை எழுத்தில் செய்ய முடியாது.

18ஆம் தேதி வருகிறேன். சாவுக்கூலிக்குக் கோலாக்கொட்டை வாங்கி வைக்க நாபாவிடம் சொல். யார் செத்தது என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல். அதுதான் உண்மையும்.

போக்பியை அதுவரை என் சின்னம்மா வீட்டுக்கு, கவாராவுக்கு, ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பு. சின்னம்மா திட்டுவாள். தண்ணீர் கொடுப்பாள்.

அன்செல்ம்


கூம்தெங்கா
21 ஏப்ரல் 1998

போலீஸ் காவலில் இருக்கும் அன்செல்முக்கு,

சாப்பாட்டு வாளியின் அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். நடந்ததைப் பற்றி சார்ஜென்ட் என்னிடம் வாக்குமூலம் கேட்டிருக்கிறார். எழுதிப் பார்த்தேன். தவறிருந்தால் திருத்து.

"ஆணையர் பேசத் தொடங்கியபோது அன்செல்ம் தோயே வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். பம்பு மேடையில், ஆணையரின் கால்மாட்டில், நீட்டிப் படுத்தார். 'எங்க அடிமை ஒருத்தன் செத்துட்டான், பொதைக்க வந்திருக்கேன்' என்றார். யார் என்று நாபா கேட்டார். 'இந்தப் பம்புதான். ஆறு வருசமா உங்களுக்குப் பாஷாணம் ஊத்தி ஊத்திக் கை ஓஞ்சு செத்துருச்சு.' கூட்டம் சிரித்தது. எங்கள் சாவுகளில் சாமோக்கள் குழியில் இறங்கிப் படுத்துக்கொள்வதும், கூலி வாங்காமல் எழ மறுப்பதும் வழக்கம் என்பதால், நாபா கோலாக்கொட்டை கொடுத்தார். வேண்டாம் என்றார். கோழி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றார். 'பொணத்தோட கையை வெட்டிக் குடுங்க, எந்திரிக்கிறேன்.' பம்பின் கைப்பிடியைச் சொல்கிறார் என்று சற்று நேரம் கழித்தே எங்களுக்குப் புரிந்தது. சாவில் சாமோ கேட்டதை மறுத்தால் பிணம் கிளம்பாது. ஆணையர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நாபா என்னைப் பார்த்தார். ஸ்பேனர் என்னிடம் இருந்தது. கழற்றிக் கொடுத்தேன்."

இதில் ஆணையரைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா? அவர் தெற்கே பிறந்தவர். அவருடைய முப்பாட்டன்களுக்கும் சாமோக்களுக்கும் எந்த ஏற்பாடும் கிடையாது. எனவே அவருக்குக் கோபம் வர உரிமை இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டார். அரசாங்கச் சொத்தைத் திருடியதாக உன்னையும், சாட்சியப் பொருளாகக் கைப்பிடியையும், மனம் மாறிப் பித்தளைப் பலகையையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

கைப்பிடி இல்லாததால் அன்று மாலையே எங்கள் பெண்கள் கவாராவுக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்கள் தண்ணீருக்குக் காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து வந்திருப்பார்கள். அங்கே பம்பைப் பார்த்துக்கொள்ளும் கிளெமான்ஸ், உன் சின்னம்மாதான், குடத்துக்கு ஒரு திட்டு என்று கட்டணம் வைத்துவிட்டாள். "வாங்கடி கழுதை மேய்க்கிறவளுகளா. பலகையில புருசன் பேரு வந்துச்சா? அதைப் பிழிஞ்சு குடிக்கிறதுதானே?" போக்பி விடவில்லையாம். "நாய் நக்குற பம்புன்னு தெரிஞ்சுதான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கோம், சீக்கிரம் அடிங்கடி."

ஊர் என்னை நெருக்குகிறது. நான் புகாரில் கையெழுத்திட்டால் கைப்பிடி திரும்பி வரும், பலகையும் வரலாம். உனக்கு வேலை போகும், சிறையும் உண்டு என்று சார்ஜென்ட் சொல்கிறார். நான் இன்னும் கையெழுத்திடவில்லை. இடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒரு கேள்வி. கைப்பிடியைக் கழற்றும்போது உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய். எங்கள் சாவுகளில் சாமோக்கள் பொய்யாக அழுவார்கள், அது உங்கள் கடமை. அன்றைக்கு அழுதது கடமையா?

பூரேமா


போலீஸ் நிலையம், உவாஹிகுயா
23 ஏப்ரல் 1998

பூரேமா,

கடமைக்கு அழுகிற சாமோ சத்தம்தான் போடுவான். கண்ணில் ஒரு சொட்டு வராது. நான் சத்தம் போட்டேனா?

வாக்குமூலத்தில் ஒரு திருத்தம். நான் கோழியை வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு பார்க்கலாம் என்றேன்.

நேற்று என் மேலதிகாரி கம்பிக்கு வெளியே வந்து நின்றார். "தோயே, தலைநகர்லேருந்து பாட்டில் வந்துடுச்சுப்பா. தண்ணி எங்க?" என்று கேட்டார். பம்பில் என்றேன். பம்பின் கைப்பிடி எங்கே என்றார். பக்கத்து அறையைக் காட்டினேன். சாட்சியப் பொருளைத் தொடக் கூடாது என்று சார்ஜென்ட் சொல்லிவிட்டார். இருவரும் தங்கள் கடமையைச் செய்கிறவர்கள், கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

நீ கையெழுத்திட்டால் கைப்பிடி உன்னிடம் வரும். இடாவிட்டால் வழக்கே இல்லை. அப்போதும் அது உன்னிடம்தான் வரும். ஆகவே என்னை நினைத்து முடிவு செய்யாதே. அது உன் கைக்கு வரும் நாளை நினைத்து முடிவு செய். அன்றைக்கு வெயில் கொளுத்தும், ஊரே குடத்தோடு நிற்கும், உன் சட்டைப் பையில் ஸ்பேனர் இருக்கும்.

போக்பி எப்படி இருக்கிறாள் என்று ஏன் எழுதவில்லை?

அன்செல்ம்


கூம்தெங்கா
6 மே 1998

நாய்த்தலை தின்னிக்கு, சிறைக்குப் போய் வந்த பிறகும் புத்தி வராத என் அடிமைக்கு,

நீ வெளியே வந்துவிட்டாய் என்று டிரைவர் சொன்னார். வெள்ளைத் துணியைப் போலீஸ் திருப்பிக் கொடுக்கவில்லையாமே.

நான் புகாரில் கையெழுத்திடவில்லை. "எடுத்தானா, குடுத்தீங்களா?" என்று சார்ஜென்ட் கேட்டார். கொடுத்தோம் என்றேன். "எதுக்கு?" சாவுக்கூலி என்றேன். "யாரு செத்தது?" பம்பு என்றேன். படிவத்தைப் புரட்டிவிட்டு, மரணம் இயற்கையானதா என்று கேட்டார். இல்லை என்றேன். அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லையாம். கைப்பிடியைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

நீ சொன்னபடியே ஊர் குடத்தோடு நின்றது. நான் பம்பைக் கடந்து நேராகக் கவாராவுக்கு நடந்தேன். கைப்பிடியைக் கிளெமான்ஸின் முன்னால் போட்டேன். சாவுக்கூலியைத் திரும்ப வாங்கும் மோஸி பிறக்கவில்லை, அதனால் அதைக் கேட்டு இனி எங்கள் ஆள் யாரும் வர முடியாது. அவள் அதை வாசலில் நட்டு நாயைக் கட்டிவிட்டாள். நாயை எப்போது தின்பதாக உத்தேசம் என்று விசாரித்தேன். நீ வரும்போதாம்.

ஊர் என்மேல் கொதிக்கிறது. உன்மேல் கோபப்படக் கூடாது. நானோ மோஸி, என்மேல் படலாம். எல்லோருக்கும் சௌகரியமாகப் போயிற்று. தண்ணீர்க் குழுவைக் கலைத்துவிட்டார்கள். நாபா மட்டும் தன் வீட்டுப் பெண்களை மற்றவர்கள் விழிப்பதற்கு முன்பே கவாராவுக்கு அனுப்பிவைக்கிறார். கேட்டால், காலை நடை என்கிறார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நேற்று போக்பி கவாராவில் குடம் நிரப்பியபோது கிளெமான்ஸ் வழக்கம்போல் திட்டினாளாம். இவள் பதில் சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பின்னாலேயே கிளெமான்ஸ் எங்கள் வீடு வரை ஓடிவந்தாள், காலில் செருப்புக்கூட இல்லை. "என்னாச்சு இவளுக்கு? ஏன் திட்டல? நான் இவ அம்மாவைச் சொன்னேன், பாட்டியைச் சொன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல." உடம்புக்கு முடியவில்லை என்றேன். "அதை ஏண்டா இப்பச் சொல்ற?" என்றாள். இரண்டு கடிதங்களை ஊரே கேட்டும் விளங்காதது, இவள் ஒரு வார்த்தை பேசாததில் கவாராவுக்கு விளங்கிவிட்டது.

கிளெமான்ஸ் தன் கழுதை வண்டியில் போக்பியை உவாஹிகுயா ஆஸ்பத்திரிக்கு அழைத்துவருகிறாள். கடிதமும் அந்த வண்டியில்தான் வருகிறது. நான் உடன் வர முடியவில்லை. ராவ்கோ பழைய சைக்கிள் கம்பிகளை அடித்து ஒரு கைப்பிடி செய்துகொண்டிருக்கிறான். இன்றைக்குள் முடிந்துவிடும் என்கிறான், அடிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. இதைப் பம்பு மேடையில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். போர்வை இல்லை. சாமோ படுத்தால் வழக்கம். மோஸி படுத்தால் பைத்தியம் என்கிறார்கள். பைத்தியத்தை நகர்த்துவது எப்படி என்று முற்றத்தில் கூட்டம் நடக்கிறது. நாபா தலைமை தாங்குகிறார், ஆகவே முடிய நேரமாகும்.

நீ ஆஸ்பத்திரி வாசலில் நில். வண்டி வந்ததும் மருந்து, டாக்டர் எல்லாவற்றுக்கும் முன்னால் அவளைத் திட்டு. உனக்குத் தெரிந்ததிலேயே மோசமானதாகப் பார்த்துத் திட்டு.

அவள் திருப்பித் திட்டினாளா என்று மட்டும் எனக்கு எழுது.

பூரேமா